கிளாக்கர் வீட்டு அலுமாரியில் இருந்த உறை

கொட்டகலை,
13.10.2008

அன்புள்ள வடிவு அக்காவுக்கு,

இங்கு அப்பாவும் அம்மாவும் சுகம். உன் உடம்பும் துணிக்கடை வேலையும் எப்படி என்று அறிய ஆவல். நம் செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. எல்லோரும் தூங்கியபின் அடுப்படியில் குப்பி விளக்கை வைத்து எழுதுகிறேன்.

உன் பரீட்சை அனுமதி அட்டை கிடைத்துவிட்டது.

போன வாரம் சரஸ்வதி பூசைக்கு வீடு கழுவ, தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் செல்லசாமி வீட்டில் என்னைக் கூப்பிட்டார்கள். புத்தகங்களைத் துடைத்துச் சாமி முன் அடுக்கச் சொன்னார்கள். அலுமாரியின் அடித்தட்டில், பழைய பத்திரிகைக்குக் கீழே, உன் பெயர் போட்ட பல்கலைக்கழக உறை. மேலேயே ‘பரீட்சை அனுமதி அட்டை’ என்று அச்சடித்திருக்கிறது. பிரிக்கவே இல்லை. தபால் முத்திரை ஜூலை 18. உன் பரீட்சை ஓகஸ்ட் 9.

மூன்று தடவை ஆபீஸ் ஜன்னலில் போய் அவரிடம் கேட்டாயே. “கடுதாசி ஒண்ணும் வரல புள்ள. வந்தா வச்சிக்கிட்டு அவிச்சா திங்கப் போறேன்?” என்றார். நீ திரும்பியதும், “லயத்துப் புள்ளைக எல்லாம் கம்ப்யூட்டர்ல பட்டம் வாங்கிட்டா, கொழுந்தெடுக்க எம் பொண்டாட்டியா போவா?” என்று சொல்லிச் சிரித்தார். நான் வாசலில் நின்று கேட்டேன். அட்டை இல்லாமல் உன்னை மண்டபத்துக்குள் விடவில்லை. படித்தது போதும் என்று அப்பா உன்னைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்.

ஒன்றரை வருடம் சனிக்கிழமைதோறும் ஹட்டனுக்குப் பஸ் ஏறி, கம்ப்யூட்டர் நிலையத்தில் என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பல்கலைக்கழகப் பாடத்தைப் படித்தாய். கரண்ட் போய், பாதி எழுதிய ஒப்படை அழிந்த அன்று அழுதாய். முகம் தெரியாத விரிவுரையாளர் ‘நன்று’ என்று எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தாய். உன்னோடு படித்த யாழ்ப்பாணத்துக் கேதீஸ்வரி உன்னிடம்தான் சந்தேகம் கேட்பாள். இந்தப் படிப்பில் யாரும் நான் எந்த லயத்து வீடு என்று கேட்பதில்லை என்று சொன்னாய். எல்லாம் கம்ப்யூட்டரில் வந்தது. அந்த ஒரு அட்டைதான் தோட்டத்து ஆபீஸ் வழியாக வந்தது.

கடவுள் பார்த்துக்கொள்வார் என்பாய். கடவுள் அந்த அலுமாரிக்கு மேலேதான் மாலையோடு இருந்தார். அதனால் நானே பார்த்துக்கொள்கிறேன்.

பரீட்சை தவறியவர்கள் ஆதாரத்தோடு மேன்முறையீடு செய்ய இம்மாதம் 20 கடைசி நாள் என்று உன் பாடப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை உறையை ஸ்கேன் செய்து உன் கணக்கிலிருந்து அனுப்புவேன். எங்கே கிடைத்தது, யார் வைத்திருந்தார் என்றும் எழுதுவேன். ஒரு பிரதி தோட்டத் துரைக்கு. சம்பள நாளில் வரிசையில் நிற்கும் அத்தனை பேர் முன்னாலும், “அவிச்சுத் தின்னீங்களா?” என்று யாராவது அவரைக் கேட்க வேண்டும். அதைக் காதால் கேட்காமல் எனக்குத் தூக்கம் வராது.

பயமில்லாமல் இல்லை. இன்று காலைப் பெரட்டில், ஆட்களுக்கு வேலை பிரிக்கும்போது, அவர் அப்பாவிடம், “ஒம் மக வீட்ட நல்லாத்தான் துப்புரவாக்கியிருக்கா” என்றாராம். அப்பா பெருமையாகச் சொன்னார். உறையை நான் எடுத்தது அவருக்குத் தெரிந்துவிட்டது போல. உறை என் பாடசாலைப் பையின் அடி அட்டைக்குள் இருக்கிறது.

இதை நாளை கொட்டகலைத் தபால் பெட்டியில் நானே போடுவேன். நீ பதில் எழுதாதே, அது அவர் கைக்குத்தான் வரும். வேண்டாம் என்றால், சனிக்கிழமைக்குள் உன் கடவுச்சொல்லை மாற்றிவிடு. நான் உறையை அடுப்பில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன்.

செவலை என்ற பெயரும் நீ பிறந்த வருடமும் போட்டு உன் பக்கம் திறந்தால், அதையே உன் ஆசீர்வாதமாக எடுத்துக்கொள்வேன். மாற்றிவிடாதே அக்கா.

உன் தங்கை,
ஜெயந்தினி