உட்காரும்போது வருகிற சத்தம்

ஜூன் 8, ஞாயிறு

இந்த நேரத்துக்கு எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள், அக்கா. சின்னவன் எலியா இப்போதுதான் தூங்கினான். ஐசா எப்போதோ தூங்கிவிட்டாள். என் வீட்டுக்காரர் ஜோயேலுக்குச் சர்க்கரை ஆலையில் இரவு ஷிப்ட். நாட்குறிப்பு எழுதுகிறவள் யாரிடம் மன்னிப்புக் கேட்பாள் என்று யாராவது கேட்கலாம். எனக்குக் கேட்க ஆள் இருக்கிறது. நீ போய் நான்கு வருடம் ஆகப்போகிறது. இன்னும் உன்னிடம் சொன்னால்தான் எதுவும் நடந்த மாதிரி இருக்கிறது.

இன்று நடந்தது இது. கோயில் முடிந்து ஐசாவோடு வேனில் ஏறினேன். கண்டக்டர் பையன், "சிஸ்டர், கொஞ்சம் உள்ளே போங்க" என்றான். சந்தோஷமாக உள்ளே போனேன். அவன் சொன்னது எனக்குப் பின்னால் ஏறிய பெண்ணிடம். என்னிடம் சொன்னது அடுத்தது: "அம்மா, நீங்க உக்காருங்க, பாவம்."

பாவமாம்!

உட்கார்ந்தேன். உட்காரும்போது வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "ஏ... யேசுவே." நான் கூப்பிடவில்லை, அதுவாக வந்தது. ஐசா வேன் முழுக்கக் கேட்கிற மாதிரி, "எதுக்கும்மா யேசுவ கூப்பிட்டீங்க? சீட்டு காலியாத்தானே இருக்கு" என்றாள். டிரைவர்கூடச் சிரித்தார்.

நம் பந்தயம் ஞாபகம் இருக்கிறதா? ஒரே கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு போட்டது. நம் இரண்டு பேரில் யாருக்கு முதலில் கிழவிப் பழக்கம் வருகிறதோ, அவள் மற்றவளிடம் உடனே சொல்லிவிட வேண்டும். மற்றவள் ஆயுசுக்கும் கேலி செய்யலாம். நீதான் நான்கு வயது மூத்தவள், நீதான் முதலில் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

சொல்லிவிட்டேன். கேலி செய்.

ஜூன் 19

சமையலறைக்குப் போனேன், எதற்கு என்று மறந்தது. திரும்பி வந்தேன், ஞாபகம் வந்தது. திரும்பப் போனேன். மறந்தது.

ஜூலை 2, புதன்

பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. காப்பி அலுவலகத்தில் நாள் முழுக்கக் காப்பியை உறிஞ்சிச் சுவைத்துத் துப்புவதுதான் என் உத்தியோகம். ஆனால் நாலு மணிக்குமேல் ஒரு வாய் உள்ளே போனால் விடியவிடிய முழித்துக் கிடக்கிறேன். இப்போது பிளாஸ்கில் இஞ்சி டீ கொண்டு போகிறேன். யாரும் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால், "இங்க யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டுக்கொண்டே போய் அணைக்கிறேன். ரொட்டி வந்த கவரைக் கழுவிக் கொடியில் காயப்போடுகிறேன். காலி டப்பா எதையும் எறிய மனம் வருவதில்லை. நேற்று ஜோயேல் ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு மார்ஜரின் டப்பாவைத் திறந்தார். உள்ளே வேகவைத்த பீன்ஸ். ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தார். உள்ளே பட்டாணி. வெறும் ரொட்டியைத் தின்றார்.

"எங்க வீட்டு டப்பா எல்லாம் பொய் சொல்லும்ப்பா" என்றாள் உன் மகள்.

உன் மகள் என்று எழுதும்போது இன்னும் கை கொஞ்சம் நிற்கிறது. அவளுக்கு எல்லாம் தெரியும், நான் மறைக்கவில்லை. மலைமேல் உன் புகுந்தவீட்டு வாழைத்தோட்டத்தில் உன்னைப் புதைத்திருப்பதால் உனக்கு அவள் வைத்த பெயர் தோட்டத்தம்மா. நான் வெறும் அம்மா. தெருவுக்கே நான் ஐசா அம்மா. எலியா பிறந்த பிறகும் அது மாறவில்லை. வீட்டின் மூத்த பிள்ளை பெயர்தானே அம்மாவுக்கு நிற்கும்.

ஜூலை 20, ஞாயிறு

காட்லிஸ்டன் மச்சான் போன் செய்தார்.

உன்னை அடக்கம் செய்த வாரம் தார் எஸ் சலாமுக்குப் பஸ் ஏறியவர். இத்தனை நாள் ஒரு குரல் இல்லை. மறுபடி கல்யாணம் செய்துகொண்டதைக்கூட ஊர் சொல்லித்தான் தெரியும். இப்போது வருகிறாராம். புது மனைவியோடு. அவள் பெயர் ஹேப்பினெஸ். இருக்கட்டும், யாராவது ஒருத்தர் சந்தோஷமாக இருக்கட்டும்.

"பிள்ளைய பார்க்கணும் எலினாமி" என்றார். பார்க்க மட்டுமா என்று கேட்க வாய் வரவில்லை. ஜனவரியில் ஐசா ஒன்றாம் வகுப்பு. அவருக்கு அது தெரிந்திருக்கிறது. அங்கே பள்ளியில் சேர்க்கத்தான் வருகிறாரோ?

ஜூலை 29

தூக்கம் இல்லை. காப்பியும் குடிக்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

வந்தார்கள். அவளைப் பிடிக்காமல் போக வேண்டும் என்று காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தேன். நடக்கவில்லை. சின்னப் பெண். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஐசாவோடு முற்றத்தில் ஆடினாள். என்னை அக்கா என்று கூப்பிட்டாள். அந்தச் சொல்லை என்னைப் பார்த்து யாரும் சொன்னதில்லை — நம் வீட்டில் நான்தானே கடைசி. ஒரு நிமிடம் நீ எனக்குப் பின்னால் வந்து நிற்கிறாயோ என்று திரும்பிப் பார்த்தேன்.

ராத்திரி ஐசா ரகசியமாகச் சொன்னாள்: "அந்தச் சின்னம்மா சத்தமே போடாம உக்கார்றாங்கம்மா. எழுந்திரிக்கும்போதுகூட."

அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 16, சனி

இன்று நடந்ததைச் சரியாக எழுத வேண்டும்.

மச்சான் தன் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெரியவர் கையில் முடிச்சுப் போட்ட இசாலே இலை. வாசலில் பார்த்ததுமே எதற்கு வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. அந்த இலையோடு வருகிறவன் மன்னிப்புக் கேட்டு வருகிறான். நம் மலையில் அதை மறுத்தவர்கள் கிடையாது. மறுத்தால் கேடு வருவது கேட்டவனுக்கில்லை, மறுத்த வீட்டுக்கு. நான் கல்லூரியில் தாவரவியல் படித்தவள். அந்தச் செடிக்கு ஒரு நீளமான பெயர் உண்டு, பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருக்கிறேன். வேலியோரத்தில் வளர்கிற செடி, அவ்வளவுதான். அவ்வளவுதானா? உள்ளே எலியா தூங்கிக்கொண்டிருந்தான். அவன் தலைமாட்டில் நின்று படித்த படிப்பை நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் உதவவில்லை.

ஆனாலும் ஒரு பேச்சு தயாராக வைத்திருந்தேன், அக்கா. இலையை வாங்குவதற்கு முன்னால் சொல்லிவிடுவது என்று. மலேரியாவில் ஐசாவின் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டபோது எங்கே இருந்தீர்கள்? முதல் பல் விழுந்தபோது? மன்னிப்பு வேண்டுமானால் தருகிறேன், பிள்ளையைக் கேட்காதீர்கள். மன்னிப்பு வேறு, பிள்ளை வேறு. இந்தக் கடைசி வரியைக் குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்தேன்.

பெரியவர் மெதுவாகத்தான் பேசினார். பையன் துக்கத்தில் ஓடிப்போனான், பிள்ளை முகத்தில் பெண்டாட்டி முகம் தெரிந்தது, தாங்கவில்லை, அது தப்பு, தப்புதான் என்று. மச்சான் தலையைத் தூக்கவே இல்லை. பெரியவர் இலையை நீட்டினார்.

நின்றுதான் பேச வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். அந்தத் தாழ்ந்த ஸ்டூலிலிருந்து முட்டியில் கை ஊன்றி எழுந்தேன். எழும்போது —

"ஏ... யேசுவே."

நீளமாக. என்றைக்கும் வராத அளவுக்கு நீளமாக.

முதலில் சிரித்தது ஐசா. அப்புறம் ஜோயேல், பாவம், அடக்கப் பார்த்து மூக்கு வழியாகச் சிரித்தார். பெரியவர் சிரித்தார். "எனக்கே இன்னும் இந்தச் சத்தம் வரலையேம்மா" என்றார். தலை நிமிராத மச்சான்கூட கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன் அக்கா. என்னை அறியாமல். சிரித்து முடித்துப் பார்க்கிறேன், இலை என் கையில் இருக்கிறது.

எப்போது வாங்கினேன்? தெரியவில்லை. கூட்டத்தில் சிரித்தபடி கையில் கொடுத்ததை வாங்கிக்கொள்கிற பழக்கம்.

வாங்கிய பிறகு பேச்சு இல்லை. மன்னித்த பிறகு, தகப்பன் பிள்ளையைக் கேட்டால் எந்தக் காரணத்தைச் சொல்லி மறுப்பது? கிறிஸ்துமஸ் வரை இங்கே, புதுவருடம் பிறந்ததும் அங்கே என்று ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது.

பேசவே இல்லை. அந்த வரியை நான் பேசவே இல்லை.

ஆகஸ்ட் 17

ஜோயேல் சொல்கிறார், சிரிக்காமல் இருந்திருந்தாலும் வாங்கித்தான் இருப்பாய் என்று. இருக்கலாம். அழுதுகொண்டே வாங்கியிருப்பேன். அது தேவலை.

செப்டம்பர் 21, ஞாயிறு

நீ எந்த வயதில் நின்றுவிட்டாயோ அந்த வயதில் இன்று நான் நிற்கிறேன். இன்று ஒரு நாள் நாம் இரட்டையர். நாளைக் காலையில் நான் உனக்கு அக்கா.

கண்ணாடி முன்னால் நின்றபோது நெற்றியோரம் ஒரு வெள்ளை முடி. பிடுங்கவில்லை. இனிமேல் எனக்கு வருவதெல்லாம் உனக்கு வராதவை. கேலி செய்யக்கூட உனக்குத் தெரியாது.

அக்டோபர் 30

பஸ்ஸில் போகிற வழியில் குளிருமே என்று ஐசாவுக்கு ஸ்வெட்டர் பின்னுகிறேன். "தார் எஸ் சலாமுக்கா? ஸ்வெட்டரா?" என்று தெருவே சிரிக்கிறது. அந்த ஊரில் ராத்திரிகூட வேர்க்கும் என்று எனக்குத் தெரியாதா? பின்னுகிறேன்.

டிசம்பர் 26, வெள்ளி

கிறிஸ்துமஸுக்கு மலைக்குப் போய் வந்தோம். எல்லா ஊரிலிருந்தும் எல்லாரும் வந்திருந்தார்கள், பாதையில் கார் நகரவில்லை. வாழைக்காயும் கறியும் போட்ட கஞ்சியை ஹேப்பினெஸ் மூன்று கிண்ணம் குடித்தாள். அவளுக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறதோ என்று தோன்றியது. கேட்கவில்லை. மற்றவர்களின் வயிற்றைப் பார்த்துக் கணக்குப் போடுவதும் கிழவிப் பழக்கம்தான்.

ஐசா உன் கல்லறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "தோட்டத்தம்மா, நான் பஸ்ல போகப் போறேன்" என்று சொன்னாள். நீ கேட்டிருப்பாய். நான் கொஞ்சம் தள்ளிப் போய் வாழைச்சருகைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். யாரும் பொறுக்கச் சொல்லவில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

எங்கே போனாலும் ரொம்ப முன்னாலேயே போய் உட்கார்ந்துகொள்வது — இதுவும் இந்த வருடம் வந்ததுதான். விடியும் முன்பே எல்லாரையும் எழுப்பி பஸ் ஸ்டாண்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டேன். பஸ்ஸே வரவில்லை. வந்த பிறகும் கிளம்பவில்லை. ஐசா ஜன்னல் சீட்டில், பக்கத்தில் ஹேப்பினெஸ், நான் கீழே. சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லியாகிவிட்டது. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மூக்கு வேர்க்க உட்கார்ந்திருந்தாள். கழற்றச் சொன்னேன். மாட்டேன் என்றாள்.

கடைசியில் அவள்தான் சொன்னாள்: "நீங்க வீட்டுக்குப் போங்கம்மா. எவ்வளவு நேரம் நிப்பீங்க? கால் வலிக்கும்."

ஜனவரி 9

தக்காளிக்காரி இன்று என்னை "எலியா அம்மா" என்று கூப்பிட்டாள். நல்ல எண்ணத்தில்தான். பழைய பெயர் வலிக்குமே என்று.

திரும்பிப் பார்க்கவில்லை நான். வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று நடந்துவிட்டேன்.

ஜனவரி 15

பள்ளிக்கூடம் திறந்திருக்கும். போன் வரவில்லை. நாமே செய்தால் பிள்ளையை அங்கே ஒட்டவிடாமல் இழுக்கிறாள் என்பார்கள். ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தேன் — ஐஸ்கிரீம். ஜோயேல் எனக்காக வாங்கி வைத்திருக்கிறார். நின்றபடியே அழுதேன். இந்த வீட்டில் ஒரு டப்பா முதல்முறையாக உண்மை சொல்கிறது, அதைக் கேலி செய்ய அவள் இல்லை.

ஜனவரி 24, சனி

இன்று சாயங்காலம் ஹேப்பினெஸ் கூப்பிட்டாள். குரல் தயங்கியது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஐசாவுக்கு முட்டி வலி எதுவும் உண்டா?"

ஏன் என்றேன்.

உட்காரும்போதெல்லாம் "ஏ யேசுவே" என்கிறாளாம். எழும்போதும். வகுப்பில் டீச்சர் எழுந்திரு என்றால் முட்டியில் கை ஊன்றி, நீளமாக. டீச்சர் பயந்துபோய் எழுதி அனுப்பியிருக்கிறாள். நேற்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் காட்டினார்களாம். டாக்டர் காலை நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாராம்.

இன்னும் இருக்கிறது. ரொட்டிக் கவரைக் கழுவிக் கொடியில் போடுகிறாளாம். காலி அறையில் விளக்கு எரிந்தால் தகப்பனிடம் போய், "இங்க யாருக்குக் கல்யாணம்?" என்கிறாளாம். மச்சான் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லையாம். நீயும் இதைச் சொல்வாயா அக்கா? நம் அம்மா சொன்னதா இது? எனக்கு ஞாபகம் இல்லை. நான்தான் ஆரம்பித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் சிரிப்பு வந்தது. ஹேப்பினெஸும் சிரித்தாள். அப்புறம் அவள் அழுகிற மாதிரி சொன்னாள்: "பிள்ளைங்க கிழவி கிழவின்னு கூப்பிடுறாங்கக்கா. இவ கவலைப்படல, எனக்குத்தான் கஷ்டமா இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவா. நான் சொன்னா, அம்மா இப்படித்தான் உக்காருவாங்கன்னு சொல்றா."

நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அவள் சொல்வது சரி. நான் சொன்னால் ஐசா விட்டுவிடுவாள், சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை. அங்கே ஒட்டிக்கொள்ள வேண்டும் என்றால் விடத்தான் வேண்டும். ஒரு மாதத்தில் அவளும் சத்தமில்லாமல் உட்காரப் பழகிவிடுவாள். அதற்குப் பிறகு என்னுடையது என்று அவளிடம் ஒன்றும் இருக்காது. ஸ்வெட்டர் இருக்கும். அதுவும் சின்னதாகிவிடும்.

நாளை சாயங்காலம் மறுபடி கூப்பிடுவாள். விடச் சொல்லட்டுமா, வேண்டாமா? நீ பெற்றவள். இதை உன்னைத் தவிர யாரிடமும் கேட்க முடியாது.

சீக்கிரம் பதில் போடு, அக்கா.