எச்சிலுக்கு அழியாத எழுத்து

மயிலாப்பூர்,
செவ்வாய்க்கிழமை.

மஸ்கட்டில் இருக்கும் என் அக்கா மகள் தமிழ்நிலாவுக்கு, உன் மாமா அம்மாசி நலம் கேட்டு எழுதிக்கொள்வது. நீ வேலை செய்கிற வீட்டில் இப்போதாவது நேரத்துக்குச் சாப்பாடு போடுகிறார்களா? நான் சுகம். உன் அம்மா விஷயம் கடைசியில் எழுதுகிறேன். முதலில் பிரிண்டர்.

போனில் சொல்லாமல் கடிதம் ஏன் என்றால், இதோடு ஒரு மனு வைத்திருக்கிறேன், அதில் உன் கையெழுத்து வேண்டும். இன்னொன்று, போனில் நான் ரெண்டு வார்த்தை கூட்டிச் சொன்னால் உடனே ரீல் விடாதே மாமா என்கிறாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது பார்.

நம் மனு எழுதுகிற ஆபீஸுக்குக் கறுப்பு வெள்ளை லேசர்தான் வாங்கவேண்டும் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். வாங்கிவிட்டேன், கடைக்காரரே எழுந்து நின்று கை கொடுத்தார் என்றேன். அது ஒரு பேச்சுக்குச் சொன்னது கண்ணு. வாங்கியது மை ஊற்றுகிற கலர் பிரிண்டர். கடையில் ஒரு கிளிப் படம் எடுத்துக் காட்டினார்கள். சிவப்பு மூக்கு, பச்சை இறக்கை. அங்கேயே விழுந்துவிட்டேன். மயிலாப்பூரிலேயே கலரில் மனு போடுகிறவன் அம்மாசி ஒருத்தன்தான் என்று நாலு பேர் சொல்லட்டுமே என்று ஆசை.

முதல் கலர் மனு உன் அம்மாவுக்குத்தான் அடித்தேன். ஆற்றோர வீட்டை இடித்துவிட்டு, பெருங்குடி தாண்டி எங்கேயோ அடுக்கு மாடியில் வீடு தருகிறோம் என்றார்கள் அல்லவா, முட்டி தேய்ந்தவள், கீழ் வீடாகக் கொடுங்கள் என்று மனு. சிவப்பில் தலைப்பு, ஓரத்தில் அக்கா போட்டோ, பின்னால் டாக்டர் சான்று நகல், எல்லாம் கலர். பெரிய அதிகாரி பார்த்தால் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிடுவார் என்று அக்காவிடம் சொன்னேன். அவளும் சிரித்தாள்.

வீடு ஒதுக்குகிற அந்த ஆபீஸில் மனு வாங்குகிற ஆளைச் சொல்ல எனக்கே அருவருப்பாக இருக்கிறது. வாய் நிறையப் பாக்கு. ஒவ்வொரு தாளுக்கும் கட்டைவிரலை நாக்கில் தோய்த்து, சொத்தென்று தாளில் வைத்துத் திருப்புவான். சீ! நம் மனுவில் விரல் பட்டதும் சிவப்பு ஓடியது. மறுபடி நாக்கு, மறுபடி விரல். நாலாவது தாளில் நாக்கு நீலமாகிவிட்டது. துடைத்துப் பார்த்துவிட்டு, இன்னா பெர்சு, மனு குடுக்கிறியா, விஷம் குடுக்கிறியா என்று கத்தி என் மூஞ்சிக்கு நேராக வீசினான். பொறுக்கிப் பார்த்தால் பழைய கதவு எண்ணைக் காணோம், டாக்டர் சான்று ஒரே நீலக் குட்டை, உன் அம்மா முகம் அவன் கட்டைவிரலோடு போய்விட்டது.

நான் அவனைக் கேட்ட கேள்வியில் ஆபீஸே எழுந்து நின்றது என்று தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கு மட்டும் சொல்கிறேன், ஒன்றும் கேட்கவில்லை. வேறு மனு எழுதிக்கொண்டு போவதற்குள் யாருக்கு எந்த வீடு என்கிற குலுக்கல் முடிந்துவிட்டது. அக்காவுக்கு விழுந்தது நாலாவது மாடி.

கலர் சனியனைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். ஷரஃபுதீன் பாய் கடை. நிமிஷத்துக்கு எத்தனை பக்கம் வேண்டும், வைஃபை வேண்டுமா, ஸ்கேன் வேண்டுமா என்று அடுக்கினார். ஒன்றும் வேண்டாம் பாய், ஒரு பக்கம் அடியுங்கள் என்றேன். சுடச்சுட வந்தது. கட்டைவிரலை நக்கி அழுத்தித் தேய்த்தேன். பாய் முகத்தைச் சுளித்து, தண்ணி தரேன் பெரியவரே, அதுல தொட்டுப் பாருங்க என்றார். அந்த ஆபீஸில் தண்ணி வைக்கவில்லை பாய் என்றேன்.

முதல் மிஷின் பழசு, மட்டமான டோனர் பொடி நிரப்பினது. எழுத்து கரி மாதிரி விரலோடு வந்தது. இரண்டாவதில் எழுத்து நின்றது, ஆனால் முத்திரைத்தாளை மென்று துப்பியது. மூன்றாவது அழகே இல்லாத ஒரு சாம்பல் பெட்டி. பின்மூடியைத் திறந்துவிட்டால் தடித்த தாள்கூட வளையாமல் நேராக வெளியே வருகிறது. எச்சில் போட்டேன், பிறகு பாக்கு மென்று எச்சில் போட்டேன். கறை பிடித்ததே தவிர ஒரு புள்ளி அசையவில்லை. அதற்குள் கடையில் எல்லாரும் தள்ளி நின்றார்கள். பாய் அந்தத் தாளை நுனியில் பிடித்துக் குப்பையில் போட்டுவிட்டு, முப்பது வருஷத்தில் இப்படி ஒருத்தரைப் பார்த்ததில்லை என்றார். மனுஷன் தரம் தெரிந்தவர். ஆனாலும் அந்த ஆபீஸ்காரனைப் போலவே நானும் நக்கிக்கொண்டு நின்றேனே என்று வீட்டுக்கு வந்து மூன்று தரம் வாய் கொப்பளித்தேன்.

இப்போது அம்மா. அங்கே லிஃப்ட் படுத்துவிட்டது. மூன்று வாரமாக அக்கா கீழே இறங்கவில்லை. பாலும் காயும் ஒயர் கூடையில் கயிறு கட்டி இழுத்துக்கொள்கிறாள். போன ஞாயிறு நொச்சிக்குப்பத்தில் சங்கரா மீன் வாங்கிப்போய்க் கூடையில் வைத்தேன். மேலே போனது. எட்டிப் பார்த்தாள், நான் நின்றேன். கூடை திரும்ப இறங்கியது. மீன் அப்படியே இருந்தது. கேட்டவர்களிடம் அக்கா விரதம் என்று சொல்லிவிட்டேன்.

கீழ் வீட்டில் ஜோதிலட்சுமி என்றொரு பெண். சாக்கடை வாடை தாங்கவில்லை, மாடிக்குப் போகிறேன் என்கிறாள். வீட்டை மாற்றிக்கொள்ள இரண்டு குடும்பமும் மனு கொடுக்கவேண்டும். ரேஷன் கார்டில் உன் பெயர் இருப்பதால் உன் கையெழுத்தும் கேட்கிறார்கள். இருபதாம் தேதி கடைசி. அக்கா போட்டுவிட்டாள். நான் நீட்டினால் வாங்கமாட்டாள் என்று ஜோதிலட்சுமி மூலமாகத்தான் தாளை மேலே அனுப்பினேன்.

கூரியரில் உடனே அனுப்பு. ஜெல் பேனாவைத் தொடாதே, பால்பாயிண்ட் பேனாவில் போடு. அச்சு என் பொறுப்பு. இந்தக் கடிதமும் அந்தச் சாம்பல் பெட்டியில்தான் அடித்தேன். அம்மாவிடம் பேசும்போது, மாமா இந்தத் தடவை லேசர்தான் வாங்கியிருக்கிறார் என்று நீயாகச் சொல்வதுபோல் சொல். நான் சொன்னால் நம்பமாட்டாள்.

நீ நோய் நொடி இல்லாமல் இருந்து, அம்மா தன் வீட்டு வாசலில் நடக்கிறதைப் பார்க்கவேண்டும். இதன்மேல் கண்ணீர் பட்டாலும் பரவாயில்லை கண்ணு, எழுத்து அழியாது. கையெழுத்துப் போடுகிற தாளை மட்டும் தள்ளி வைத்துக்கொள்.

உன் மாமா,
அம்மாசி.