ஜெர்மன்காரரின் டிரம்பெட்டும் என் உதடும்

1963 ஆகஸ்ட் 19, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. மலைக்கோட்டைப் பக்கத்து மண்ணெல்லாம் நம் வீட்டுக்குள். டிரம்பெட்டுக்கு மெருகு போட உட்கார்ந்தேன், துடைக்கத் துடைக்கப் புழுதி. விட்டுவிட்டேன்.

பேகம்பூர் ராவுத்தர் ஆள் அனுப்பியிருந்தார், போனேன். தோல் வியாபாரி. போன வருஷம் அவர் மகன் கல்யாண ஊர்வலத்துக்கு நம் பேண்டுதான். தோல் வாங்கும் ஜெர்மன்காரர் ஒருவர் அவருக்கு ஒரு பெரிய இசைத்தட்டு அனுப்பியிருக்கிறாராம். முழுக்க டிரம்பெட். "எனக்கு இது என்னன்னு பிடிபடல. ஒங்க சரக்கு, நீங்க கேட்டுச் சொல்லுங்க மாஸ்டர்" என்றார்.

ரிக்கார்டு பெட்டி பினாங்கு மருமகன் கொண்டுவந்தது. கூடவே சின்னத் தட்டு பன்னிரண்டு, எல்லாம் சினிமாப் பாட்டு. பெட்டியில் ஒரு விசைக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பேரப்பிள்ளை அதைத் திருப்பினால் பாட்டு குரங்கு மாதிரி கத்துகிறதாம். அதனால் ஒட்டிவிட்டார்.

அட்டையில் உள்ளவை (என் குறிப்புக்கு):
- ஊதுகிறவர் படம். வழுக்கை. என் வயசுதான் இருக்கும், நாற்பத்தாறு.
- முதல் பக்கம்: கன்செர்ட்டோ, ஈ ஃபிளாட் சுருதி. மூன்று பகுதி. முதல் பகுதி 6 நி. 40 வி.
- இரண்டாம் பக்கம்: அதைவிட அறுபது எழுபது வருஷம் பழசு. டிரம்பெட்டில் வால்வே இல்லாத காலம்.
- ஓரத்தில் 33, பக்கத்தில் ஒரு பின்னம். கடை நம்பராக இருக்கும்.

கன்செர்ட்டோ என்றால் இதுதான்: ஒரு டிரம்பெட் தனியாகப் பேசும், பின்னால் நாற்பது பேர் ஆமாம் போடுவார்கள்.

கேட்டேன். என்ன சொல்ல. என்ன உயரம், என்ன வேகம். மனுஷன் ஊதுகிறானா, குருவி கத்துகிறதா. ஊதத் தொடங்கும் இடமெல்லாம் ஒரு கீச். தட்டில் கீறல் போல.

ராவுத்தர் சொன்னது: "நல்லாத்தான் இருக்கு. ஆனா பின்னாலயே போலீஸ் தொரத்துற மாதிரி ஓடுது."

இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. வெஞ்சனம் சரியில்லையா என்று என் வீட்டுக்காரி ஞானம் கேட்டாள். அது சரியாகத்தான் இருந்தது.

ஆக. 21, புதன்

மறுபடி போனேன். சுண்டல் கொடுத்தார்கள்.

முதல் பக்கத்தின் கடைசிச் சுருதியைத் தொண்டையில் பிடித்துக்கொண்டு சைக்கிளில் நேரே மாதா கோயிலுக்கு. வழியில் இரண்டு பேர் கூப்பிட்டார்கள், வாயைத் திறந்தால் சுருதி போய்விடும், ம்ம் என்று முனகிக்கொண்டே போய்விட்டேன். கர்வம் பிடித்தவன் என்று நினைத்திருப்பார்கள். கோயில் ஆர்மோனியத்தில் வைத்துப் பார்த்தால் ஏ ஃபிளாட். அட்டையில் ஈ ஃபிளாட். ஐந்து கட்டை மேலே.

அச்சடித்தவன் தப்பாக அடித்திருக்க மாட்டான். அவர்கள் நாட்டுச் சுருதி வேறாக இருக்கும். அல்லது என் காது போய்விட்டது.

ஆக. 22, வியாழன்

ஐந்தரை மணிக்கு மலையடிவாரம். வீட்டில் ஊதினால் பக்கத்து வீட்டுக்காரி சாபம் விடுவாள். பாறைக்கு யார் மேலும் வருத்தம் இல்லை.

முதல் பகுதியின் ஆரம்பம் மட்டும், தட்டில் கேட்ட உயரத்தில். நான்கு தடவை. நான்கு தடவையும் வெறும் காற்று. மேல் உதட்டில் கொப்புளம்.

பட்டாளத்து பேண்டில் ஆறு வருஷம். ஊருக்கு வந்து சொந்த பேண்டு வைத்து பத்தொன்பது வருஷம். திண்டுக்கல்லில் மாஸ்டர் என்றால் நான்தான். இத்தனை நாள் கிணற்றுத் தவளையாக இருந்திருக்கிறேன்.

ஆக. 25, ஞாயிறு

தாடிக்கொம்பில் கல்யாணம். வெயில் மண்டையைப் பிளந்தது.

மாப்பிள்ளை அழைப்பில், நூறு தடவை ஊதின பாட்டில், மேலே போகும் இடத்தில் உடைந்தது. கன்றுக்குட்டி கத்தின மாதிரி. கொப்புளம் பழுத்திருந்தது, ரத்தம். ஆரோக்கியம் சட்டென்று என் இடத்தைப் பிடித்துப் பாட்டைக் கொண்டுபோய்விட்டான். ஞானத்தின் தம்பி. பதினொரு வருஷமாக என் இரண்டாம் டிரம்பெட். யாருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைத்தேன்.

பந்தியில் பெண்ணின் தாய்மாமன் பக்கத்து இலைக்காரரிடம்: "மாஸ்டருக்கு வயசாயிருச்சுப்பா."

பாயசம் தொடவில்லை.

ஆக. 28, புதன்

ராவுத்தர் வீடு. போகக்கூடாது என்று நினைத்தும் கால் போகிறது. அட்டையைக் கடன் வாங்கி வந்தேன், அதில் உள்ள குறிப்புகளை முழுசாக எழுதிக்கொள்ள.

முதல் பகுதியைக் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். அட்டையில் 6 நி. 40. என் கடிகாரத்தில் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. சனியன் மெதுவாக ஓடுகிறது. மெயின் ரோட்டில் ரிப்பேர்க்காரரிடம் கொடுத்தேன். காதில் வைத்து, திறந்து, மூடி, ஒன்றுமில்லை என்று திருப்பித் தந்தார். அவருக்கும் கண் மங்கிவிட்டது போல.

சாமான்: கரி, நல்லெண்ணெய், பித்தளை பாலீஷ், ஞானத்துக்குத் தையல் மெஷின் ஊசி (மறந்துவிட்டேன்).

ஆக. 31, சனி

எழுதிவிடுகிறேன்.

எட்டாம் தேதி மாதா திருநாள். சப்பரம் தூக்குவதற்கு முன்னால் கோயில் வாசலில் டிரம் சத்தம் எல்லாம் ஓய்ந்துவிடும். ஒரே ஒரு டிரம்பெட் தனியாக ஊதும். கடைசி ஸ்வரம் அடங்கினால்தான் சப்பரத்துக்குத் தோள் கொடுப்பார்கள். பத்தொன்பது வருஷமாக அது நான்.

இன்று ஒத்திகையில் எல்லார் முன்னாலும் அதை ஆரோக்கியத்துக்குக் கொடுத்துவிட்டேன். அதோடு முதல் டிரம்பெட்டையும். எனக்குப் பல்வலி, முன்பல் ஆடுகிறது, டாக்டர் ஊதக்கூடாது என்கிறார் என்று சொன்னேன். பொய். பல் பாறை மாதிரி இருக்கிறது. அந்த வழுக்கைத் தலைக்காரன் ஊதுவதற்குப் பெயர் டிரம்பெட் என்றால் நான் இத்தனை வருஷம் ஊதியது என்ன என்று பத்துப் பேர் முன்னால் எப்படிச் சொல்வது.

ஆரோக்கியம் முகம் சிவந்து, "எதுக்கு மச்சான்" என்றான், அவ்வளவுதான். அவன் சந்தோஷம் அவனுக்குத் தெரியாமலே முகத்தில் வந்துவிட்டது. அதில் தப்பில்லை.

பெரிய டிரம் அடிக்கும் சவரிமுத்து மகள் பிரசவத்துக்குப் போயிருக்கிறான். அதை நான் எடுத்துக்கொண்டேன்.

செப். 2, திங்கள்

ஊரெல்லாம் என் பல்லைப் பற்றித்தான். கிராம்பு வைக்கச் சொன்னவர் மூன்று. உப்புத் தண்ணீர் இரண்டு. பிடுங்கிவிடச் சொன்னவர் ஒருவர், நாவிதர்.

ஒத்திகை. டிரம் வார் தோளை அறுக்கிறது. ஆரோக்கியம் நன்றாக ஊதினான். கொஞ்சம் அவசரம். இடைவேளையில் முறுக்கும் டீயும்.

ஞானம் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குப் பல் விஷயம் நம்பிக்கை இல்லை என்று தெரிகிறது. மெஷினை வழக்கத்தைவிட வேகமாக மிதித்தாள்.

செப். 3, செவ்வாய்

சாயங்காலம் நல்ல மழை. டிரம்பெட்டைப் பெட்டியில் வைத்து, மேலே என் பழைய பட்டாளத்துக் கம்பளியைப் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். செத்தவனைப் போர்த்திய மாதிரி இருந்தது. வெளியே எடுத்து அலமாரியில் வைத்தேன்.

செப். 5, வியாழன்

முதலிலிருந்து எழுதுகிறேன்.

ராவுத்தர் வீட்டம்மாள் தலையணை உறை தைக்கக் கொடுத்திருந்தார்கள். ஞானம் கொண்டுபோய்க் கொடுக்கக் கிளம்பினாள். அட்டையைத் திருப்பித் தர வேண்டும், நானும் போனேன்.

உள்ளே யாரோ சினிமாப் பாட்டு வைத்திருந்தார்கள். முடிந்ததும் ராவுத்தர் எங்களுக்காக ஜெர்மன் தட்டை வைத்தார். எனக்குக் கேட்கவே பிடிக்கவில்லை. ஞானம் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டு சுற்றுவதை. அப்புறம் என்னிடம் மெதுவாக:

"ஏங்க, சின்னத் தட்டும் இம்புட்டு வேகமாத்தான சுத்துச்சு. கைக்குட்டைக்கும் போர்வைக்கும் ஒரே மிதியாவா மிதிப்பாக?"

எனக்குப் புரியவில்லை. அவள் ராவுத்தரிடமே கேட்டாள், பிளாஸ்திரிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று. அவருக்கும் மறந்துபோயிருந்தது. நகத்தால் கிள்ளி உரித்தார். நான்கு எண், தட்டு சுற்றும் வேகம்: 16, 33, 45, 78. விசை நின்றது 45-இல், சின்னத் தட்டின் வேகத்தில். என் கையில் இருந்த அட்டையில் 33, பக்கத்தில் பின்னம்.

ராவுத்தர் விசையை 33-க்குத் திருப்பி ஊசியை முதலிலிருந்து வைத்தார்.

ஈ ஃபிளாட். அட்டையில் போட்டிருந்த அதே ஈ ஃபிளாட். என் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. 6 நிமிஷம் 40 விநாடி. கடிகாரத்துக்கும் ஒன்றும் இல்லை. ரிப்பேர்க்காரரைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிட வேண்டும்.

அவன் ஓடவில்லை. நடக்கிறான். நல்ல வேட்டி கட்டிக்கொண்டு ரத வீதியில் நடக்கிற மாதிரி நிமிர்ந்து நடக்கிறான். கஷ்டமான இடம் உண்டு, ஆனால் அது மனுஷன் கஷ்டம். விரல் என் முழங்காலில் தானாக வால்வு அழுத்தியது. இந்த இடம் வரும், இதுவும் வரும், இதற்குப் பத்து நாள் வேண்டும், இது வரவே வராது. சரி.

நடுப் பகுதி மெதுவாகப் போகிறது. முன்பு அதை ஏதோ துள்ளல் பாட்டு என்று நினைத்திருந்தேன். பிள்ளையைத் தூங்கவைக்கிற பாட்டு. அதில் அவன் ஊதுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் ஸ் என்று ஒரு சத்தம். நான் கீறல் என்று நினைத்த சத்தம். மூச்சு. அவன் மூச்சு இழுக்கிறான். கடைசி வரிக்கு முன்னால் இரண்டு தடவை இழுத்தான், என்னை மாதிரி.

அழுதுவிட்டேன். ராவுத்தர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தெருவில் ஒன்றும் இல்லை.

இரண்டாம் பக்கம், அந்த வால்வில்லாத காலத்துக் கன்செர்ட்டோ, இப்போதும் உயரம்தான். ஆனால் எட்டிப் பார்க்கிற உயரம்.

கிளம்பும்போது ராவுத்தர்: "ஒங்களுக்கு ஒரு மாசமா நாந்தான் தொந்தரவு குடுத்திருக்கேன் போல, மாஸ்டர்." ஒரு மாதம் இல்லை, பதினேழு நாள் என்றேன். என்ன பேச்சு அது. நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

செப். 6, வெள்ளி

பாறை. ஈ ஃபிளாட்டில், மெதுவாக. கொப்புளம் ஆறிவிட்டது. நடுப் பகுதி முதல் எட்டு வரி வந்தது. ஆட்டுக்காரர் ஒருவர் நின்று கேட்டுவிட்டு, புதுப் படமா என்றார். பழசு என்றேன்.

சவரிமுத்து திரும்பி வந்துவிட்டான். பேத்தி. கற்கண்டு கொடுத்தான். டிரம் அவனுக்கு.

அப்படியானால் நான் எங்கே நிற்பது.

செப். 7, சனி

கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாமா. கேட்டால் கொடுத்துவிடுவான், அதுதான் வினை. அவன் பெண்டாட்டி தன் கையாலேயே பேண்டு கோட்டுக்குப் பொத்தான் மாற்றித் தைத்திருக்கிறாளாம், ஞானம் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் பேப்பர் படித்தேன். தலைகீழாக.

பொய் சொன்னது வேறு இருக்கிறது.

தூக்கம் வராது என்று நினைத்தேன். படுத்ததும் வந்துவிட்டது. வெட்கம் கெட்ட உடம்பு.

செப். 8, ஞாயிறு. மாதா பிறந்த நாள்

வானம் வெளிறிக் கிடக்கிறது, மழை இல்லை. முதல் பூசை. பேண்டு சாயங்காலம் ஐந்துக்கு.

பூசை முடிந்து வரும்போது ஞானம்: "முதல் எடத்தக் கேக்க வேணாம். எடம் இருக்கான்னு கேளுங்க. கேட்டா என்ன, வாய் தேஞ்சா போயிரும்?"

நேரே ஆரோக்கியம் வீடு. தாளைச் சுவரில் சாய்த்துவைத்து, ஊதாமல் விரலை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான். எழுந்து நாற்காலி போட்டான். உட்காரவில்லை.

கேட்டேன். "மாப்ள, இன்னைக்கு செகண்டுக்கு ஆள் இருக்கா?"

"பல்லு?" என்றான்.

பல்லில் ஒன்றுமில்லை, முதலிலிருந்தே ஒன்றுமில்லை என்றேன்.

"தெரியும் மச்சான். முன்பல்லு ஆடுறவரு முறுக்கக் கடிக்க மாட்டாரு."

கட்டிலுக்கடியிலிருந்து ஒரு காக்கிப் பையை இழுத்து, இரண்டாம் டிரம்பெட் தாள்களை எடுத்து என் கையில் கொடுத்தான். நான்தான் அவனுக்கு எழுதிக் கொடுத்தவை. மை மங்கி, கோழி கிண்டின மாதிரி எழுத்து, பாதி ஸ்வரத்துக்கு வால் இல்லை. பதினொரு வருஷம் இதைப் பார்த்தா ஊதினான்.