எடை மிஷினில் வேணி

14 ஜூன் 2025, சனி

திண்டிவனத்தில் ஷூட்டிங். டயர் கடை மாடியில்தான் கேபிள் டிவி ஆபீஸ். ஏசி ஓடினால் அந்தச் சத்தமும் சேர்ந்து பதிவாகிறதாம், நிறுத்திவிடுகிறார்கள். கேப்பை வேஷத்துக்குள் நான் வெந்து போகிறேன். தலையில் பச்சைத் துணி, உடம்புக்கு செம்மண் நிறத்தில் அங்கி. கண்ணாடியில் பார்த்தால் களி உருண்டைக்குக் கை கால் முளைத்த மாதிரி இருக்கிறேன்.

‘தெம்புக் கூட்டம்’ நிகழ்ச்சியில் எனக்குக் கேப்பை அத்தை என்று பேர். பிள்ளைகள் காய்கறி தின்னணும், ஓடணும், குதிக்கணும், அதை நான் சிரிக்கச் சிரிக்கச் சொல்லணும். இந்த நிகழ்ச்சியை எடுக்கிற தேவநாதன் சார் பஸ் ஸ்டாண்டு பக்கம் என் இட்லிக் கடையில் சாப்பிட வந்தவர். வருகிறவர் போகிறவரையெல்லாம் நான் நக்கலடிப்பதைக் கேட்டுத்தான் கூப்பிட்டார். வாயில் வருவதை எழுதி வைங்கக்கா, அடுத்த வாரம் உதவும் என்றார். மெடிக்கல் கடையில் கொடுத்த டைரி சும்மாதானே கிடக்கிறது. ஐந்தாங்கிளாஸோடு நின்ற அமலா டைரி எழுதுகிறாள். ஊர் சிரிக்கட்டும்.

இன்றைக்கு வேணியையும் கூட்டத்தில் சேர்த்துவிட்டேன். என் தம்பி மகள், ஒன்பது வயசு. தம்பி பெங்களூரில் கட்டட வேலை, அவன் பெண்டாட்டி பொன்னி ஷூ கம்பெனிக்குப் போகிறாள். கிளியனூரில் ரெண்டு வீடும் ஒட்டினாற்போல, பின்னால் பாத்ரூம்கூட ரெண்டுக்கும் ஒன்றுதான். அதனால் வேணி பாதி நேரம் என் வீட்டில்தான்.

வாரா வாரம் கேமரா முன்னால் பிள்ளைகளை எடை மிஷினில் ஏற்றுவார்கள். குறைந்திருந்தால் நெற்றியில் தங்க நிற ஸ்டார். வேணி ஏறியதும், “மிஷின காப்பாத்துங்கடா, மல்லாட்டை மூட்டை ஏறிடுச்சு” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

22 ஜூன், ஞாயிறு

வேணி ரெண்டு இட்லியோடு எழுந்துவிட்டாள். ஆறு தின்கிற பிள்ளை. கேட்டால் அடுத்த சனிக்கிழமை ஸ்டார் வாங்கணுமாம்.

5 ஜூலை, சனி

வாங்கிவிட்டாள். ஸ்டாரை நெற்றியிலிருந்து எடுக்காமலே தூங்கினாளாம். பொன்னி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கும் பெருமையாக இருந்தது. டிவியில் நான் பேசுகிற பேச்சைக் கேட்டு ஒரு பிள்ளையாவது திருந்துகிறதே.

12 ஜூலை, சனி

இந்த வாரம் தண்ணீர் பற்றி. பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பாட்டில் குடிக்கணும். மற்றதெல்லாம் பாதியில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்க, வேணி மடமடவென்று முடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். அதையும் முடித்தாள்.

“இவளுக்குப் பனமலை ஏரியைக் காட்டிடாதீங்க, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிடுவா” என்றேன். அதை வெட்டி எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டிருக்கிறார்கள். வளவனூரிலிருந்தெல்லாம் போன் வந்ததாம்.

20 ஜூலை, ஞாயிறு

கோயில் விட்டு வந்ததும் என் வீட்டுக்காரர் சுகர் மிஷினை எடுத்து விரலில் குத்திக்கொண்டிருந்தார். பத்து வருஷமாக இவருக்கு சர்க்கரை. வேணி பக்கத்தில் போய் உட்கார்ந்து, “மாமா, எனக்கும் ஒரு வாட்டி குத்திப் பாரேன்” என்று விரலை நீட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே மிஷினில் செருகுகிற அட்டையை எடுத்தார். நான்தான் பிடுங்கி வைத்தேன். இதென்ன விளையாட்டுச் சாமானா, டிவியே பாராட்டுகிற தெம்புக்காரிக்கு எதுக்குடி மிஷின் என்று கேட்டேன்.

சொம்பை எடுத்துக்கொண்டு குடத்துப் பக்கம் போய்விட்டாள்.

24 ஜூலை, வியாழன்

பாத்ரூமில் எறும்பு. ஓரமாக வரிசை கட்டிக்கொண்டு போகிறது. சுகர்க்காரர் ஒன்றுக்குப் போகிற இடத்தில் எறும்பு மொய்ப்பது சகஜம். “எறும்புக்கெல்லாம் பாயசம் ஊத்தி விருந்து வெக்கறீங்களா” என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்த மாசம் அவருக்கு சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதாம், மிஷினையே பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஒளித்து வைத்து லட்டு தின்கிறவர் பேச்சை யார் நம்புவது.

எறும்பு சாக்பீஸ் வாங்கிவந்து சுற்றிலும் கோடு போட்டேன்.

29 ஜூலை, செவ்வாய்

பொன்னி காலையில் பாய் துவைத்துக்கொண்டிருந்தாள். கிட்டப் போனதும் குரலைத் தாழ்த்தி, “அண்ணி, யார் கிட்டயும் சொல்லிடாதீங்க. படுக்கையிலயே போயிடுறா. மூணு வயசுல விட்ட பழக்கம்” என்றாள். குடம் குடமாகக் குடித்தால் எங்கே போகும், ராத்திரி தண்ணீரைக் குறை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முன்னமே குறைத்துப் பார்த்தாளாம், முடியவில்லையாம். எழுந்து எழுந்து குடிக்கிறாளாம்.

2 ஆகஸ்ட், சனி

வேணியின் பழைய பாவாடையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் சார். அதை இப்போது கட்டி, இடுப்பில் இருக்கிற இடைவெளியில் ரெண்டு கையை விட்டுக் காட்டச் சொன்னார். ஜூனில் எடுத்த படம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். அடுத்த சனிக்கிழமை விழுப்புரத்தில் கல்யாண மண்டபத்தில் விழாவாம். மேடையில் வேணிதான் ஸ்கிப்பிங் ஆடணும், நான் பக்கத்தில் நின்று பேசணும். பிள்ளைகளின் அம்மாக்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு என்ன கொடுத்தீங்க, எப்படிக் குறைந்தாள் என்று கேட்டார்கள். கேப்பைக் கூழ் என்று கையை விரித்துக் காட்டினேன்.

வேஷத்தைக் கழற்ற வேணி உதவி பண்ணும்போது அவள் வாயில் ஒரு வாசனை. பழம் கனிந்து அழுகப்போகும்போது வருமே, அது. ஷூட்டிங்குக்கு வைத்த பழத்தைத் திருடித் தின்றாயா என்று கேட்டேன். மாதா மேல் சத்தியமாக இல்லை என்றாள். கூடையைப் பார்த்தேன். வாழைப்பழம் சீப்போடு அப்படியே இருந்தது.

அப்புறம் எங்கிருந்து வந்தது அந்த வாசனை?

7 ஆகஸ்ட், வியாழன்

வேணி ஸ்கூலுக்குப் போகவில்லை. வயிறு வலிக்கிறதாம். என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேலேயே தெரிகிறது. தூக்கிப் படுக்கவைத்தேன். ஜூனில் இவளைத் தூக்க ரெண்டு பேர் வேணும் என்று நான்தானே நக்கலடித்தேன். இப்போது ஒரு கையில் வருகிறாள்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று பொன்னி கேட்டாள். சூட்டு வயிற்றுவலி, மோர் கொடு, சனிக்கிழமை விழா முடியட்டும் என்றேன்.

என்னமோ சரியில்லை. ஆனால் டிவியில் பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாள்? எல்லாரும் அப்படித்தானே சொல்கிறார்கள்?

எறும்பு சாக்பீஸ் தீர்ந்துவிட்டது. இன்னொன்று வாங்கணும்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதலன்னா தாங்காது.

நேற்று மேடையில் அவள் நாலு தரம்தான் குதித்திருப்பாள். கயிறு காலில் சுற்றி உட்கார்ந்துவிட்டாள். நான் மைக்கில், “பேட்டரி தீந்துடுச்சு, சார்ஜ் போடுங்கப்பா” என்றேன். மண்டபமே சிரித்தது. அவள் எழவில்லை. வாந்தி எடுத்தாள். மூச்சு — படுத்துக்கினு இருக்கிற புள்ளைக்கு ஓடி வந்த மாதிரி மூச்சு. நான் அந்தக் கேப்பை அங்கியோடவே அவளைத் தூக்கிக்கினு ஆட்டோவுல ஏறினேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா வேணி வாயைக் கிட்டப் போய் முகர்ந்து பார்த்தார். பொன்னியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை வாரமாக இளைத்தாள், ராத்திரி எழுந்து ஒன்றுக்குப் போகிறாளா. தண்ணீர் நிறையக் குடிப்பாளா என்று கேட்டபோது பொன்னிக்கு முந்தி என் வாய் திறந்துகொண்டது.

“ஆமாங்க, டிவிலயே காட்டினோங்க.”

பொன்னி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததே இல்லை.

சர்க்கரையாம். என் வீட்டுக்காரருக்கு வந்தது வேறு மாதிரி, இது குழந்தைகளுக்கு வருகிறதாம். மிஷினில் எண்ணே விழவில்லை, அதற்கும் மேலே போய்விட்டதாம். இன்னும் கண் திறக்கவில்லை.

மிஷின் என் வீட்ல தான இருந்துச்சு. விரல நீட்டினா. நான்தான புடுங்கி வெச்சேன்.

11 ஆகஸ்ட், திங்கள்

கண் திறக்கவில்லை.

12 ஆகஸ்ட், செவ்வாய்

திறந்தாள். தண்ணீர் கேட்டாள்.

என் வீட்டுக்காரர் சாப்பாடு கொண்டுவந்தார். அதைப் பிரித்து என் முன்னால் வைத்துவிட்டு, “அந்த எறும்பு என்னுது இல்ல அமலா” என்றார். ஏச்சாகச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

19 ஆகஸ்ட், செவ்வாய்

வீட்டுக்கு வந்தாயிற்று. இனி ஆயுசு முழுக்க ஊசி. சாப்பிடுவதற்கு முன்னால் ஒவ்வொரு வேளையும். ஒரு நாள் விட்டாலும் பழையபடி ஆகிவிடும் என்று டாக்டரம்மா விரலை நீட்டிச் சொல்லி அனுப்பினார். இது கூழ் குடித்ததாலோ ஓடினதாலோ வருவதில்லை, யார் மேலும் தப்பில்லை, ஆனால் முன்னாலேயே குத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையைத் தூக்கிக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

பொன்னி என்னிடம் வேலைக்கு மட்டும் பேசுகிறாள். அவள் கம்பெனி வண்டி விடியற்காலையில் வந்துவிடும், காலை ஊசி என் பொறுப்பு. நான் வயிற்றைப் பிடித்துக்கொள்ள, வேணி தானே குத்திக்கொள்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறாள். ஏதாவது நக்கலடிப்பேன் என்று பார்க்கிறாளோ என்னமோ. எனக்கு ஒன்றும் வரவில்லை.

25 ஆகஸ்ட், திங்கள்

டிவியில் வேணியின் ரெண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்னும் விளம்பரம் ஓடுகிறது. நடுவில் என் சிரிப்பு. திண்டிவனம் போய், இனி நான் வரமாட்டேன், அதையும் எடுத்துடுங்க என்றேன். தேவநாதன் சார் நல்ல மனுஷர்தான், ஆஸ்பத்திரிக்குக்கூட வந்து பார்த்தார். ஆனால் எடுக்கவில்லை. “நல்லாருந்தப்ப எடுத்ததுதானேக்கா” என்றார்.

நல்லாருந்தப்பவா சார்?

30 ஆகஸ்ட், சனி

செக்கப். வேணிக்கு எடை ஏறியிருக்கிறது. ஊசி வேலை செய்கிறது, உடம்பு தேறுகிறது என்று டாக்டரம்மா முதுகில் தட்டிக்கொடுத்தார். வேணி மிஷினிலிருந்து இறங்கவே இல்லை. முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு வெளியே பார்த்தபடியே கேட்டாள்:

“அத்த, ஊசியாலதான் குண்டாகிறனா?”

குண்டில்லடி, தேறுற என்றேன்.

“அப்போ ஊசி போடலன்னா எளைச்சிடுவேன் இல்ல?”

அப்படியெல்லாம் பேசாதே, செத்துப் போயிடுவ என்று அதட்டிவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கிளியனூரில் இறங்கும்போது கையைப் பிடிக்கப் போனேன், பையை அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

2 செப்டம்பர், செவ்வாய்

வீட்டுக்காரர் வேணிக்காக வேண்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு வேன் ஏறிவிட்டார். திருவிழா முடிந்துதான் வருவார். சுகர் மிஷினை என் பொறுப்பில் விட்டுப் போவதாகச் சொல்லி டிவிக்கு மேலே வைத்துவிட்டுப் போனார்.

3 செப்டம்பர், புதன்

வேணி பெரியவர்கள் மாதிரி நடந்துகொள்கிறாள். வெட்கமாக இருக்கிறதாம், நான் பார்க்கக் கூடாதாம், கதவைச் சாத்திக்கொண்டு தானே ஊசி போட்டுக்கொள்கிறாள். சாயங்காலமும் அப்படித்தான் என்று பொன்னி சொன்னாள். விரல் குத்துவதையும் தானே பார்த்து எழுதிவிடுகிறாளாம். எவ்வளவு பொறுப்பு என்று ரெண்டு பேரும் பேசிக்கொண்டோம். அந்த நாளுக்கப்புறம் பொன்னி என்னிடம் சிரித்துப் பேசியது இன்றைக்குத்தான்.

6 செப்டம்பர், சனி

பொன்னி கம்பெனிக்குப் போய்விட்டாள். வேணி இன்னும் தூங்குகிறாள். லீவு நாள், தூங்கட்டும் என்றுதான் விட்டேன். எதிர்வீட்டில் டிவி ஓடுகிறது, தெம்புக் கூட்டம் பாட்டு கேட்கிறது. எனக்குப் பதில் வேறொருத்தி சிரிக்கிறாள்.

பாத்ரூம் கழுவலாம் என்று போனேன்.

சுவர் ஓரமாக, கதவடியிலிருந்து உள்ளே வரைக்கும் — எறும்பு.

வீட்டுக்காரர் வேளாங்கண்ணியில் இருக்கிறார். பொன்னிக்கு சர்க்கரை கிடையாது. எனக்கும் கிடையாது.

சாக்பீஸ் ஜன்னலில்தான் இருக்கிறது. அதைத் தொடவில்லை. இதை எழுதி முடித்துவிட்டு டிவிக்கு மேலே இருக்கிற மிஷினை எடுத்துக்கொண்டு போய் எழுப்பணும். திட்டாமல் எழுப்பணும். கையை மறைத்தாலும் விரலை வாங்கணும்.

இப்பவே போறேன்.