சொன்ன நாளில் செய்த ஒரே வேலை

மூக்கண்டப்பள்ளி வீட்டுச் சமையலறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நீங்கள் தரையில் ஒட்டிவிட்டுப் போன மஞ்சள் டேப்பைக் காலையிலிருந்து சுரண்டிக்கொண்டிருக்கிறேன். டேப் வந்துவிட்டது. அடியில் இருக்கும் பசை வரவில்லை. கம்பெனிச் சரக்கு அல்லவா, அவ்வளவு லேசில் விடுமா? வீட்டுக்கார அம்மா ஒரு பாட்டில் தின்னர் கொடுத்துத் தேய்க்கச் சொன்னார். மூடியைத் திறந்ததும் உங்கள் யூனிஃபார்ம் வாசனை வீடு முழுக்கப் பரவிவிட்டது. இப்போது பின்னால் வந்து நின்று, "மூலையில விட்டுட்ட பாரு" என்று சொல்வீர்கள் போலிருக்கிறது.

உங்கள் தம்பி கட்டிலையும் பீரோவையும் டிவியையும் எடுத்துப்போனார். பசையை யாரும் எடுத்துப்போகவில்லை. "புதுசா வர்றவங்க இந்தக் கோடெல்லாம் என்னாத்துக்குன்னு கேக்கறாங்கம்மா. நான் என்னான்னு சொல்றது? நீயே வந்து சுத்தம் பண்ணிக் குடுத்துடு" என்று வீட்டுக்கார அம்மா ஃபோன் செய்தார். எனக்கு வார விடுமுறை, வந்துவிட்டேன். தின்னரில் நனைத்த துணியைப் பசைமேல் போட்டுவிட்டு, வெறுந்தரையில் உட்கார்ந்து உங்களுக்கு இதை எழுதுகிறேன். கல்யாணமான நாளிலிருந்து, நீங்கள் குறுக்கே பேசாமல் நான் பேசி முடிக்கப்போவது இதுதான் முதல் தடவை.

கம்பெனியில் உங்களுக்கு அந்த ஃபைவ் எஸ் வேலையைக் கொடுத்தார்களே, அன்றைக்கு என் தலையெழுத்து மாறியது. எந்தப் பொருளுக்கும் ஒரு இடம், அந்த இடத்துக்கு ஒரு கட்டம், கட்டத்தை விட்டு எதுவும் வெளியே வரக்கூடாது. அங்கே அதற்காக உங்களுக்குக் கேடயம் கொடுத்தார்கள். நீங்கள் கேடயத்தோடு டேப்பையும் வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். சிலிண்டருக்கு ஒரு கட்டம், தண்ணீர்க் குடத்துக்கு ஒரு கட்டம், குப்பைக் கூடைக்கு ஒரு கட்டம். கரண்டி மாட்டும் பலகையில் ஒவ்வொரு கரண்டியின் உருவத்தையும் பெயின்ட்டில் வரைந்து வைத்தீர்கள். ஒரு முறை என் தம்பி வந்தபோது சிரித்துக்கொண்டே, "மாமா, எங்க அக்கா நிக்கறதுக்கு எங்க கட்டம் போட்டிருக்கீங்க?" என்று கேட்டான். நீங்கள் சிரிக்கவில்லை. அடுப்புக்கு முன்னால் கையைக் காட்டினீர்கள். அவன் அதற்குப் பிறகு வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான்.

நான் ஒன்றும் உத்தமி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு 'அப்புறம்' என்பது மூச்சு மாதிரி. ஊறப்போட்ட துணி வாளியிலேயே நாறும். கேஸ் புக் பண்ணுவதை அடுப்பு அணைகிற வரைக்கும் மறந்திருப்பேன். ரவிக்கைத் துணி தையற்காரரிடம் போகாமலே சாயம் போகும். என்னைப் போன்றவளை உங்களுக்குக் கட்டிவைத்தவர்கள் நம் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கெடுதல் செய்தார்கள்.

அதைத் திருத்த நீங்கள் காலைக் கூட்டம் ஆரம்பித்தீர்கள். ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு நீங்கள் கம்பெனி பஸ் ஏறும் முன்னால், ஹாலில் இருவரும் எதிரெதிரே நிற்க வேண்டும். உட்காரக் கூடாது. "நேத்து என்னா விட்டுப்போச்சு? ஏன் விட்டுப்போச்சு? இன்னிக்கி எத்தினி மணிக்கு முடிப்ப?" நான் தலை பின்னக்கூட நேரமில்லாமல் பதில் சொல்வேன். கடைசியில் இருவரும் கை தட்ட வேண்டும். விடியாத நேரத்தில் இரண்டே பேர் தட்டும் அந்தச் சத்தத்தைக் கேட்டு, பக்கத்து வீட்டு மஞ்சுளா நாம் ஏதோ புதுச் சாமியைக் கும்பிட ஆரம்பித்துவிட்டோம் என்று நினைத்தாளாம்.

பிறகு சிவப்பு அட்டை வந்தது. உபயோகமில்லாத பொருளில் சிவப்பு அட்டை கட்டிவிடுவீர்கள். அது ஏன் வீட்டில் இருக்க வேண்டும் என்று ஒரு மாதத்துக்குள் யாரும் காரணம் சொல்லாவிட்டால் அது வெளியே போகும். என் பி.ஏ. தபால்வழிப் புத்தகங்களில் கட்டினீர்கள். இந்த வருஷம் பரீட்சை எழுதுகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நானும் இருந்துவிட்டேன். ஒரு மாதம் முடிந்த அன்று பழைய பேப்பர்காரர் வந்து வாசலில் நின்றார். நான் அழுதபோது நீங்கள் ஆச்சரியப்பட்டீர்கள். "டைம் குடுத்தனே" என்றீர்கள். அந்த ஆச்சரியத்தில் பொய் இல்லை, அதற்குத்தான் எனக்கு வயிறெரிந்தது.

நியாயமாக ஒன்றும் சொல்ல வேண்டும். எனக்கு டெங்கு வந்தபோது நீங்கள் லீவு போட்டுவிட்டு ஃபோனில் அலாரம் வைத்து, வேளை தவறாமல் மாத்திரையும் கஞ்சியும் கொடுத்தீர்கள். எந்தப் புருஷனும் அப்படிப் பார்த்திருக்க மாட்டான் என்று மஞ்சுளா சொன்னாள். உண்மைதான். அத்தனை நாளில் ஒரு தடவை நெற்றியில் கை வைத்துப் பார்க்கவில்லை. தெர்மாமீட்டர் இருந்தது.

பிள்ளை இல்லாததற்கு என்னை மட்டும் எல்லா டெஸ்டுக்கும் குறித்த தேதியில் அனுப்பினீர்கள். உங்களுக்கு எழுதிக் கொடுத்த டெஸ்டுக்கு, "அப்புறம் பாக்கலாம்" என்றீர்கள். வாழ்நாளில் நீங்கள் தள்ளிப்போட்ட வேலை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதற்கு யார் அட்டை கட்டுவது?

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். சாமல்பட்டியில் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அடுத்த ஞாயிறு போகலாம், அடுத்த ஞாயிறு போகலாம் என்று நான் தள்ளிக்கொண்டே வந்தேன். போய்ப் பார்த்தால் அழுகை வரும், திரும்பி வர மனசு வராது, அந்தப் பயம். நீங்களும் காலைக் கூட்டத்தில் கேட்டுக்கொண்டேதான் இருந்தீர்கள். ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா செத்துப்போனாள். பந்தலில் ஊரே உட்கார்ந்திருந்தது, நான் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்போது என் சித்தப்பாவிடம் நீங்கள் சொன்னீர்கள். மெதுவாகச் சொல்லவில்லை. "ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் நாளிக்கி நாளிக்கின்னா. உசுரோட இருக்கறப்ப வர முடியல, இப்ப வந்து அழுவறா."

சுற்றி இருந்த பொம்பளைகள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அதனால்தான் அந்த நிமிஷமே இந்த ஆளோடு இனி வாழ்வதில்லை என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்வது எனக்குப் பழக்கமான வேலைதான். செய்வதுதான் வராது. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்றேன். ஆடி போகட்டும் என்றேன். தீபாவளி வரட்டும் என்றேன். ஒவ்வொரு நாளும் உங்கள் எதிரே நின்று கை தட்டிவிட்டு, உள்ளே போய் என்னையே கேவலமாகத் திட்டிக்கொள்வேன்.

அப்போதுதான் ஒரு காலைக் கூட்டத்தில் நீங்களே வழி சொல்லிக் கொடுத்தீர்கள். கம்பெனியில் யாரோ வந்து வகுப்பு எடுத்துவிட்டுப் போயிருந்தார்கள் போல. "ரொம்ப நாளா தள்ளிப்போட்டுக்கிட்டே இருக்கற வேலை எது, சொல்லு" என்றீர்கள். நான் என் பீரோவைச் சுத்தம் செய்வது என்றேன். நீங்கள் ஒரு வாத்தியார் மாதிரி சொன்னீர்கள்: "பெருசா பாத்தா பயமாத்தான் இருக்கும். துண்டு துண்டா வெட்டிக்கோ. தெனமும் ஒரு துண்டு, அவ்ளோதான். மொத துண்டு கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள முடியற மாதிரி இருக்கணும். எந்த நாளிக்கி முடிக்கணும்னு மொதல்லயே தேதி வெச்சிக்கோ. யாருகிட்டயும் சொல்லாத. சொல்லிட்டா செஞ்சிட்ட மாதிரி மனசு ஏமாந்துடும்."

அப்படியே செய்தேன். தை பிறந்து இரண்டாவது திங்கள்கிழமை என்று தேதி வைத்தேன். முதல் துண்டு, என் ஆதார் அட்டையை உங்கள் ஃபைலிலிருந்து எடுத்து அரிசி டின்னில் வைத்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்தது. அடுத்த நாள் மஞ்சுளாவிடம், அவள் வேலைக்குப் போகும், கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டேன். அன்றைக்கு அவ்வளவுதான். இன்னொரு நாள் பெண்கள் விடுதிக்குப் போய் வாசலை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். பிறகு தினமும் ஒரு புடவை, ஒரு ரவிக்கை, பையில் காய்கறிக்கு அடியில் வைத்து மஞ்சுளா வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

பீரோ காலியாகிக்கொண்டே வந்ததை நீங்கள் கவனித்தீர்கள். உங்கள் கண்ணுக்கு எது தப்பும்? கதவைத் திறந்து நின்று பார்த்தீர்கள். "இப்பத்தான் ஒரு வழிக்கு வந்திருக்க" என்றீர்கள். அன்று நீங்களாகவே கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். கல்யாண வாழ்க்கையில் எனக்கு உங்களைப் பார்த்துச் சிரிப்பு வந்தது அன்றுதான். நல்லவேளை, நீங்கள் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டீர்கள்.

அந்தத் திங்கள்கிழமை நீங்கள் பஸ் ஏறியதும் பாத்திரம் கழுவினேன், வீடு கூட்டினேன், சாவியை வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்தேன். விடுதிக்குப் போய்ச் சேர்ந்தேன். நீங்கள் ஷிஃப்ட் முடிந்து வந்த பிறகு ஃபோன் செய்தேன்.

"நான் போயிட்டன். இனிமே வர மாட்டன்" என்றேன்.

பின்னால் டிவி ஓடும் சத்தம் கேட்டது. "ஏன் முன்னாடியே சொல்லல?" என்றீர்கள்.

"நீங்கதான் யாருகிட்டயும் சொல்லாதன்னு சொன்னீங்க."

பிறகு கேட்டீர்கள்: "கேஸ மூடுனியா?"

"மூடிட்டன்" என்றேன். ஃபோனை வைத்துவிட்டீர்கள். நாம் கடைசியாகப் பேசியது அதுதான். வா என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை உங்களோடு வேலை செய்யும் நாகராஜ் கூப்பிட்டான். "அக்கா, அண்ணா பஸ்ஸுக்கு வர்ல. ஃபோனும் எடுக்கல. ஏனாய்த்தோ, என்னாச்சோ தெரியல. டிரைவர் வெயிட் பண்றாரு அக்கா." யாருக்காகவும் ஒரு நொடி நிற்காத பஸ் உங்களுக்காக நின்றுகொண்டிருந்தது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நீங்கள் பஸ்ஸைத் தவறவிடுகிற ஆள் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கதவை உடைத்தார்களாம். யூனிஃபார்ம் போட்டு, கழுத்தில் ஐடி கார்டு மாட்டி, ஒரு காலில் ஷூவோடு நாற்காலிக்குப் பக்கத்தில் கிடந்தீர்கள். உயிர் முழுசாகப் போயிருக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில்தான் போனதாம். "நெஞ்சு வலி வந்து ரொம்ப நேரம் ஆயிருக்கு. பக்கத்துல யாராவது இருந்து உடனே கூட்டிட்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்று டாக்டர் சொன்னார். ஓடிப்போய் நின்ற என்னைப் பார்த்துத்தான் சொன்னார். யார் என்ன என்று அவருக்குத் தெரியாது.

காவேரிப்பட்டினத்தில் உங்களைக் கிடத்தியிருந்த உங்கள் அம்மா வீட்டு வாசலில் என்னை யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அத்தை மட்டும் என் முந்தானையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"எல்லாத்தையும் நாளிக்கி நாளிக்கின்னு தள்ளிப்போடறவதானடி நீ? இத ஒரு நாளு தள்ளிப்போட்டிருக்கக் கூடாதா?"

அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. அழாததையும் அவர்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

அத்தைக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். ஒரு நாள் தள்ளிப்போட்டிருந்தால் நீங்கள் பிழைத்திருப்பீர்கள். நான் கத்திக் கூப்பாடு போட்டு மஞ்சுளாவையும் ஆட்டோவையும் கூப்பிட்டு, உங்களை மடியில் போட்டுக்கொண்டு போயிருப்பேன். நீங்கள் தேறி வந்து, உங்கள் மாத்திரைக்கும் ஒரு கட்டம் போட்டிருப்பீர்கள். சீக்காளிப் புருஷனை விட்டுவிட்டு எந்தப் பெண் போவாள்? கொஞ்சம் தேறட்டும் என்பேன். கோடை போகட்டும் என்பேன். ஹாலில் உங்கள் எதிரே நின்று கை தட்டிக்கொண்டே கிழவியாகியிருப்பேன்.

இப்போது நானும் ஃபர்ஸ்ட் ஷிஃப்டுதான் போகிறேன். நீங்கள் எழும் நேரத்துக்கு அலாரமில்லாமல் விழிப்பு வந்துவிடுகிறது. எத்தனை வருஷம் பாடுபட்டும் உங்களால் எனக்குப் பழக்க முடியாத பழக்கம், நீங்கள் போன பிறகு தானாக வந்து ஒட்டிக்கொண்டது. விடுதிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, அந்தத் திங்கள்கிழமையைக் கையில் எடுக்கிறேன். ஒரு நாள் தள்ளிச் செவ்வாயில் வைத்துப் பார்க்கிறேன். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள், நான் அந்த வீட்டில் இருக்கிறேன். தினமும் இதைச் செய்கிறேன், ஒரு நாளும் விட்டுப்போனதில்லை. ஒவ்வொரு நாளும் அதை மறுபடியும் திங்களிலேயே வைத்துவிட்டு, தலை பின்னிக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறேன்.