தூங்கும் குழாய்கள்

ஜீவனஹள்ளி,
ஜூன் 1999

அன்பு மாமாவுக்கு,

இல்லை, நீங்கள் எழுதிக் கேட்டதுபோல எங்கள் அறையில் சத்தம் கிடையாது. வெளியே லேத் இரைச்சல் காதைப் பிளக்கும். குழாய் ஒருபக்கம் எடை சாயாமல் சுழல்கிறதா என்று பார்க்கும் பேலன்சிங் அறை எங்களுடையது. குழாயைச் சுழலவிட்டால், நல்ல பம்பரம்போல அது நின்றுவிட்டதாகத் தெரியும். என் முகம் அதில் அசையாமல் இருக்கும். சூப்பர்வைசர் டெஸ்மண்ட் சார் கதவருகே நின்று, "தூங்குதாம்மா?" என்பார். "தூங்குது சார்" என்றால் சீல் விழும். அந்த ஒரு வார்த்தைதான் என் வேலை.

அத்தை நலம். டிவியில் சண்டை நடக்கும் மலையைக் காட்டும்போதெல்லாம் உங்களைத் தேடுகிறோம். எல்லோருக்கும் ஒரே முகமாக இருக்கிறது.

இதைத் தபாலில் போடவில்லை. லீவு முடிந்து உங்கள் ரெஜிமென்ட்டுக்குத் திரும்பும் அப்பாதுரை அண்ணன் கையில் தருகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

குழாய்கள் துபாயில் பால் பண்ணைக்கு என்றார்கள். வெண்ணெய் பிரிக்கவாம். பேக்கிங்கில் இருக்கும் ஃபாத்திமாதான் ஒரு பெட்டியில் லேபிளுக்கு அடியில் இன்னொரு லேபிளைப் பார்த்தாள். வேறு துறைமுகம். உங்களைச் சுடுகிறவர்களின் துறைமுகம். போன வருடம் இரண்டு நாடும் அணுகுண்டு வெடித்துப் பார்த்தபோது பேப்பரில் ஒரு படம் வந்ததே, யுரேனியம் பிரிக்கும் குழாய்கள், வரிசை வரிசையாக. அதே உயரம். அதே கழுத்து.

"பால் இல்லடீ, அணுகுண்டு கறக்கப் போறாங்க" என்றாள் ஃபாத்திமா.

டெஸ்மண்ட் சாரிடம் சொன்னேன். "நீ பேலன்ஸ் பாரும்மா, பாலிடிக்ஸ் பாக்காத" என்றார். போலீஸுக்குப் போகலாம் என்று ஃபாத்திமாவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். "பேரக் கேட்டதும் மொதல்ல என்னத்தான் உள்ள போடுவாங்க."

அதனால் நானே குழாய்களின் பேலன்ஸைக் கொஞ்சம் மாற்றி வைத்தேன். எங்கள் மெஷினின் வேகத்தில் குழாய் தூங்கும். அவர்கள் அங்கே ஓட்டப்போகும் வேகத்தில் விழித்துக்கொள்ளும். ஒன்று விழித்துச் சிதறினால் பக்கத்தில் நிற்பதையும் கிழிக்கும். டெஸ்மண்ட் சார் கேட்கும்போது நான் பொய் சொல்வதில்லை. தூங்கத்தான் செய்கிறது.

இப்போது எல்லாமே அப்படித் தெரிகிறது. கூரையில் ஃபேன். பஸ்ஸில் எதிர் சீட்டில் கண்மூடியிருக்கும் ஆள். குழாயில் அசையாமல் என்னைப் பார்க்கும் என் முகம். எது தூங்குகிறது, எது வேகத்துக்குக் காத்திருக்கிறது?

இன்று வாங்குகிறவர்களின் இன்ஜினியர் வருகிறார், சொந்த மோட்டாரோடு. ஒரு குழாயை முழு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பாராம். மெஷினருகே நான் நிற்க வேண்டும். குழாயை எடுத்துக்கொடுக்க ஃபாத்திமா. நான் கை வைக்காத குழாய் ஒன்றே ஒன்று இருக்கிறது. அதை ரேக்கில் முன்னால் வைத்திருக்கிறேன். அவர் அதைத்தான் கைகாட்ட வேண்டும்; வேறொன்றைக் காட்டினால் அது அங்கேயே விழித்துக்கொள்ளும். நான் லீவு போட்டால் சந்தேகப்பட்டு எல்லாப் பெட்டியையும் பிரித்துவிடுவார்கள்.

மலையில் தலையைக் குனிந்தே இருங்கள், மாமா. ஸ்வெட்டரைக் கழற்றாதீர்கள். முழுசாக வீடு வந்து சேருங்கள். கதவைத் திறக்க நான் இல்லாவிட்டால் சாவி அத்தையிடம் இருக்கும்.

உங்கள்
சுனிதா

கடிதத்தை அப்பாதுரையிடம் கொடுத்துவிட்டு, சுனிதா பிரேசர் டவுனுக்கு நடந்தாள். ஃபாத்திமாவின் கதவைத் தட்டி, இன்று வேலைக்கு வர வேண்டாம் என்றாள். பிறகு தொழிற்சாலைக்குப் போகும் பீன்யா பஸ்ஸில் தனியாக ஏறினாள்.