சிவப்புக் கல் தோடும் என் வெள்ளிப் பெட்டியும்

அன்புத் தங்கச்சி செல்லம்மாவுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் முடிந்தது. நினைவு நாளுக்குக் கறுப்புக் கட்டம் போட்டு நாலு வரி அச்சடித்துக்கொள்கிறவர்கள் மத்தியில், உன் அண்ணன் நான் மட்டும் பத்திரிகையில் முழுப் பத்தி கேட்டு வாங்கியிருக்கிறேன். மூணாம் கிளாஸ் படித்தவன் எழுதுவதைப் போட முடியாது என்று ஆசிரியர் முதலில் முறுக்கிக்கொண்டார். நான் பேசிய பேச்சில் எழுந்து நின்று நாற்காலி கொடுத்தார். சரி, எழுந்து நிற்கவில்லை. நாற்காலி கொடுத்தார்.

என் வெள்ளிப் பெட்டி உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்குத் தெரியாதல்லவா. பினாங்கில், டத்தோ கிராமாட் வீட்டில் என் கட்டிலடியில் இருக்கிறது, சீனத் தச்சன் செய்த கற்பூர மரப் பெட்டி. அதற்குள் சொம்பு, வெற்றிலைப் பெட்டி, குங்குமச் சிமிழ், பன்னீர்ச் செம்பு, தலைமுறையாக இங்கேயே இருக்கிற ஒரு சீன பாபா குடும்பம் விற்ற இடுப்பு வார், எல்லாம் வெள்ளி. துறைமுகக் கிடங்கில் மூட்டை எண்ணுகிறவன் வீட்டில் இவ்வளவா என்று பெரிய துரையே வந்து பார்த்துத் தொப்பியைக் கழற்றினார் என்று நான் சொல்வேன். நீ முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "தொரைக்கு வேர்த்திருக்கும்ண்ணே," என்பாய்.

சிரித்து முடித்ததும் அதே கேள்வி. "இதுல தங்கம் எப்ப சேரும்?"

நீ உனக்காகக் கேட்கவில்லை. உன் மகள் பூரணிக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் தங்கத் தோடு கொண்டுவந்து பிள்ளையை மடியில் வைத்தால்தான் பத்தர் ஊசியை எடுப்பார். அவளுக்குத் தாய்மாமன் நான் ஒருவன்தான். நானோ உனக்குப் பாடம் நடத்தினேன். வெள்ளி இறங்கினால் வெள்ளி வாங்கு, தங்கம் இறங்கினால் தங்கம் வாங்கு. தங்கம் இறங்குகிற மாதிரி இருந்தால் இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று இரு. அப்புறம் லண்டனில் ஏதோ சட்டம் மாறித் தங்கம் ஏறியது. "ஏறினது எறங்கித்தானே ஆகணும்," என்றேன். வெள்ளி மலிந்து கிடந்தது. அந்த இடுப்பு வார் அப்போது வாங்கியதுதான்.

பூரணிக்கு மூன்று போய் ஐந்து வந்தது, ஐந்து போய் ஏழு வந்தது. குழாயடியில் பெண்கள் அவளை மூளிக்காதி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதையும் நீ வந்து சொன்னாய். "காது எங்க ஓடியா போகுது?" என்று கேட்டு அனுப்பினேன்.

பிறகு நீ காய்ச்சலில் படுத்தாய். பார்க்க வந்த என்னிடம் சொன்னாயே, சன்னக் குரல்தான், ஆனாலும் வீடே கேட்டது. "அண்ணே, இனி நீங்க வெல பாக்க வேணாம். நான் செத்தா என் காதுல கெடக்குறத கழட்டிருவாங்க. காசில்லாம தங்கம்." உன் புருஷன் உன்னை அதட்டினார். நீ என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தாய். அது சாபமா, கிண்டலா? இரண்டு வருஷமாக யோசிக்கிறேன்.

பிறந்த வீட்டுக் கோடியை நான்தான் கொண்டுவந்து போர்த்தினேன். பட்டு என்று ஊரில் சொன்னேன்; உடுத்திக்கொண்டு போனவளுக்குத் தெரியும். குளிப்பாட்டிய பெண்கள் உன் சிவப்புக் கல் தோட்டைக் கழற்றித் துணியில் முடிந்து உன் புருஷனிடம் கொடுத்தார்கள். அவர் அதை என் கையில் வைத்தார். "பூட்டுப் போட்ட பெட்டி ஒங்ககிட்டதான் இருக்கு மச்சான். புள்ள கல்யாணத்துக்கு எடுத்துக் குடுங்கலா." என் பெட்டிக்குள் முதல் தங்கம் வந்தது அப்படித்தான்.

முதல் திதி முடிந்ததும் காதுகுத்துக்கு நாள் பார்த்தார்கள். தங்கம் இன்னும் ஏறியிருந்தது. நான் உன் தோட்டைப் பினாங்கு ஸ்திரீட் பத்தரிடம் கொண்டுபோய், உருக்கிச் சின்னதாக ஒரு ஜோடி செய்யச் சொன்னேன். மீதித் தங்கம் அவர் கூலிக்கு. புதுக் கல்லுக்குக் காசு கேட்டார். பழைய சிவப்புக் கல்லையே பதிக்கச் சொல்லிவிட்டேன்.

தண்ணீர்மலைக் கோயில் அடிவாரத்தில் சபை கூடியிருந்தது. "புதுத் தங்கம். கல்லு பர்மாவுலேர்ந்து கப்பல்ல வந்தது," என்று தட்டை எல்லாருக்கும் காட்டினேன். பூரணி என் மடியில் உட்கார்ந்தாள். ஒன்பது வயது. முதல் காதைக் குத்தும்போது மூச்சுக்கூட விடவில்லை. பத்தர் தோட்டை எடுத்ததும் அதை வாங்கி நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள்.

"மாமா, இது அம்மா கல்லு."

"இல்லடா கண்ணு, புதுசு."

"ஓரம் ஒடஞ்சிருக்கு. அம்மாகிட்ட படுத்திருக்கறப்ப தெனம் நக்கிப் பாப்பேன்."

சபை என்னைப் பார்த்தது. நான் பத்தரைப் பார்த்தேன். "மாமா சொன்னா சரிதான் தாயி," என்றார் அவர். நான் சிரித்துக்கொண்டே உன் புருஷனிடம், "புள்ளைக்கு யாரு மச்சான் பொய் சொல்லிக் குடுக்குறது?" என்றேன். அவர் எழுந்து வந்து அவள் கன்னத்தில் அறைந்தார். குத்திய காதின் மேலேயே விழுந்தது. இரத்தம் என் வேட்டியில் சொட்டியது. மறு காதையும் குத்தி முடித்தோம். இலை போட்டார்கள், நான் பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

அந்தக் காது சீழ் பிடித்து ஆறி, இப்போது மடல் கோணலாக இருக்கிறது. அவள் என்னை மாமா என்று கூப்பிடுவதில்லை. பாசார் சந்தையில் பார்த்தால், "என்ன பெட்டிக்காரரே, சொகமா?" என்கிறாள். பத்து வயசு, அப்படியே உன் நாக்கு. போன மாதம் உன் புருஷன் வந்தார். "அவ அம்மா தோட்ட ஒருதடவ பாக்கணும்னு அழுவுறா. காட்டிட்டுத் திரும்ப வச்சுக்குங்க." சாவி தொலைந்துவிட்டது என்றேன்.

அன்றைக்கே வெள்ளியைத் தூக்கிக்கொண்டு பத்தரிடம் போனேன். எல்லாவற்றையும் விற்றேன் என்று எழுதத்தான் ஆசை. பாதி விற்றேன். வேலைப்பாட்டை அவர் சட்டை செய்யவே இல்லை, உடைசல் வெள்ளி என்று நிறுத்தார். வந்த காசுக்கு உன் தோட்டில் பாதி எடைக்குத்தான் தங்கம் கிடைத்தது. மறு பாதிக்காக மீதி வெள்ளியும் இந்த வாரம் போகிறது. தங்கம் என்ன விலை என்று கேட்கப்போவதில்லை.

உன் புருஷனிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு, வாய் வரவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பூரணிதான் ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தப் பத்திரிகையை அவருக்கு வாசித்துக் காட்டுகிறாள், சத்தமாக, ஒரு வரி விடாமல்.

இந்த ஞாயிறு நானும் அங்கே போய் அவர் எதிரில் உட்கார்ந்திருப்பேன். அவள் இந்த இடத்துக்கு வந்து சேருவாள்: பூரணி பொய் சொல்லவில்லை. அது அவள் அம்மா கல்தான். திருடியவன் தாய்மாமன். இதை அவள் தன் வாயாலேயே தன் அப்பாவுக்கு வாசித்து முடிக்கும்வரை நான் எழுந்திருக்கமாட்டேன், குறுக்கே பேசமாட்டேன். அவர் கை ஓங்கினால் முகத்தைத் திருப்பமாட்டேன். உனக்குச் செய்கிற சத்தியம், செல்லம்மா.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்த அண்ணன். பூரணிக்கு நான் என்ன உறவு என்பதை, வாசித்து முடித்தபின் அவள் சொல்லட்டும்.